கட்டடம் ஏறுகிற வேகமும் பணம் வருகிற வேகமும்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் பொருளாளர் ஆற்றிய உரை)



பொருளாளர் மைக் பிடித்தால் வரவு செலவுதான் வாசிப்பாள் என்று சிலர் டீ குடிக்க எழுந்துட்டீங்க. உட்காருங்க. வரவு செலவு உங்க கையில இருக்கிற அறிக்கையில அச்சாகியிருக்கு, நான் வாசிக்கப் போறதில்லை. இன்னைக்கு நம்ம முன்னாடி ஒரு தீர்மானம் இருக்கு. அடுக்குமாடி வீடு ஒதுக்கீடு ஆன நம்ம 40 உறுப்பினர்களுக்கு, அவங்க கட்ட வேண்டிய பங்களிப்புத் தொகை முழுவதையும் கூட்டமைப்பு நிதியிலிருந்தே கடனாகக் கொடுத்துடலாம் என்பது தீர்மானம். கொண்டு வந்தவங்க நல்ல மனசோடதான் கொண்டு வந்திருக்காங்க. ஆனா நான் அதை இப்படியே ஏற்றுக்கொள்ள முடியாது என்று சொல்லத்தான் நிற்கிறேன். ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகவே சொல்றேன்.

முதல்ல ஒரு அடுக்குமாடி எந்தப் பணத்துல எழும்புது என்று பார்ப்போம். நான் 11 வருஷம் சித்தாள் வேலை பார்த்தவள். கலவை சுமந்த தலைக்குத்தான் இப்போ கணக்குப் புத்தகம் வந்திருக்கு. அதனால கட்டடத்தை நான் கீழேயிருந்து மேலே பார்ப்பேன். அஸ்திவாரம் தோண்டணும், கம்பி கட்டணும், சென்ட்ரிங் அடிக்கணும், தளம் போடணும், செங்கல் வைக்கணும், பூசணும், பிறகு கரண்ட், தண்ணி. ஒவ்வொரு நிலையிலும் வேலை முதல்ல நடக்கும், பணம் பிறகுதான் வரும். இன்ஜினியர் வந்து அளந்து, அளவுப் புத்தகத்தில் எழுதி, பில் போட்டு, அது மேலே போய்ப் பாஸாகி வரணும். அதுவரைக்கும் கம்பிக்கும் சிமெண்டுக்கும், சனிக்கிழமை சாயந்தரம் எங்க கூலிக்கும் யாராவது ஒருத்தர் கையிலிருந்து போட்டாகணும். அந்தக் கை வற்றிப்போனா வேலை நிற்கும். பாதியில நிற்கிற கட்டடத்தை நீங்க பஸ்ல போகும்போது பார்த்திருப்பீங்க. மேலே கம்பி நீட்டிக்கிட்டு, துரு பிடிச்சு, மழைத்தண்ணி தேங்கி நிற்கும். காசே இல்லாம நின்ற கட்டடம் அதுல குறைவு. வர வேண்டிய காசு நேரத்துக்கு வராம நின்றதுதான் அதிகம். நான் வேலை பார்த்த ஒரு சைட்டுல பில் பாஸாகலைன்னு மேஸ்திரி எங்களை மூணு மாசம் வீட்டுக்கு அனுப்பினார். திரும்பக் கூப்பிட்டப்போ கம்பி விலை ஏறிப்போச்சு. அந்த ஏற்றம் கடைசியில யார் தலையில விழுந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இப்போ நம்ம வீடுகளுக்கு வர்ற பணத்தைப் பார்ப்போம். 2015 ஜூன் மாசம் பிரதமர் வீட்டு வசதித் திட்டம் நகரங்களுக்கு வந்தது. அதுல கூட்டாண்மையில் கட்டுகிற அடுக்குமாடிகளுக்கு, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினரின் ஒரு வீட்டுக்கு மத்திய அரசு தருவது ஒன்றரை லட்சம். அதுவும் மொத்தமா வராது. 40, 40, 20 சதவீதம் என்று மூணு தவணை. அதாவது 60 ஆயிரம், மறுபடி 60 ஆயிரம், கடைசியில 30 ஆயிரம். முதல் தவணையைச் செலவு செய்ததுக்குக் கணக்குக் காட்டினால்தான் அடுத்தது. 2024-ல வந்த இரண்டாம் கட்டத் திட்டத்திலும் நம்ம மாநிலத்துக்கு மத்திய பங்கு ஒன்றரை லட்சம்தான். மாநில அரசு குறைந்தது ஒரு லட்சமாவது போடணும் என்று அதில் விதி சேர்த்திருக்காங்க.

ஒரு வீட்டுக்கு 12 லட்சம் ஆகுதுன்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்குவோம். அதுல ஒன்றரை லட்சம் எட்டில் ஒரு பங்கு. மீதி மாநில அரசு போடணும், வாரியம் கடன் வாங்கிப் போடணும், கடைசித் துண்டு நம்ம தலைக்கு. இன்னொரு பெரிய பணம் எந்தக் கணக்கிலும் நம்ம கண்ணுக்குப் படாது. அது நிலம். அரசு நிலத்துல கட்டுறதால வீட்டு விலையில நிலத்தின் விலை ஏறலை. இதே நகரத்துல தனியார்கிட்ட அதே 400 சதுர அடி வாங்கிப் பாருங்க, ஒரு சென்ட் என்ன விலைன்னு கேட்ட உடனே தெரியும். 1970-ல குடிசை மாற்று வாரியம் தொடங்கின காலத்திலிருந்து ஏழைக்கு வீடு என்பது இந்த நிலத்தை நம்பித்தான் நிற்குது. 2021-ல அதுக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பேர் மாறினாலும் அடிப்படை அதுதான்.

ஆக அரசுப் பணம் தவணையாக வருது, கட்டடமும் தவணையாக ஏறுது. நம்ம பங்களிப்புத் தொகையும் தவணையாகத்தான் கேட்பாங்க. இந்த மூணும் ஒரே நாளில் சந்திக்காது. அந்த இடைவெளியில்தான் நம்ம பெண்களின் நகை அடகுக்குப் போகுது, மீட்டர் வட்டிக்காரன் வாசலுக்கு வர்றான். "15 நாளில் கட்டலைன்னா ஒதுக்கீடு போயிடும்"னு யாரோ வாய்வார்த்தையாகச் சொன்னதைக் கேட்டு, தாலியைத் தவிர எல்லாத்தையும் அடகு வெச்ச உறுப்பினர் இந்த மண்டபத்துல இருக்காங்க. பேர் சொல்ல மாட்டேன். அந்தக் கெடு எந்தக் கடிதத்திலும் எழுத்தில் இல்லை.

பழைய குடியிருப்பு இடிபட்டு, அதே இடத்தில் புதுசுக்காகக் காத்திருக்கிறவங்க நிலைமை இன்னும் கஷ்டம். அரசு தருகிற கருணைத் தொகை முன்பு 8,000, பிறகு 24,000 ஆச்சு. பெரிய உயர்வுதான், மறுக்கலை. ஆனா 18 மாசத்துக்கு வகுத்தால் மாசம் 1,333 ரூபாய். அந்த வாடகைக்கு இன்னைக்கு ஒரு ரூம் காட்டுங்க பார்ப்போம். கட்டடம் ஆறு மாசம் தள்ளிப்போனா ஆறு மாச வாடகை நம்மது. வாடகையும் கட்டி, பங்களிப்புக்கு வாங்கின கடனுக்குத் தவணையும் கட்டுற காலம்தான் ஒரு குடும்பத்தை உடைக்கிற காலம். வீடு கிடைத்த பிறகு யாரும் உடையறதில்லை. கிடைக்கிறதுக்கு முந்தின இரண்டு வருஷத்துலதான் உடையறாங்க.

சரி, கடன் வாங்கியே ஆகணும் என்றால் எந்தக் கடன்? உங்க கடிதத்துல என்ன தொகை இருக்கோ அதைப் போட்டுக்கங்க. நான் ஒன்றரை லட்சம் என்று வெச்சுக் கணக்குப் போட்டேன். வாரக் குழுக் கடன் கொடுக்கிற கம்பெனியில் 24 சதவீத வட்டிக்கு இரண்டு வருஷத்தில் கட்டினால் மாசம் ஏறக்குறைய 7,930 ரூபாய். நம்ம குழுக் கடன் மாதிரி 12 சதவீதத்துக்கு மூணு வருஷம் என்றால் 4,980. வங்கியின் வீட்டுக் கடனாக 9 சதவீதத்துக்கு 15 வருஷம் என்றால் 1,520. "15 வருஷத்துல வட்டியே ஒண்ணேகால் லட்சத்துக்கு வருதே பொருளாளரே, இது நஷ்டமில்லையா"ன்னு போன கூட்டத்துல ஒரு அக்கா சரியாகவே கேட்டாங்க. மொத்தமாகப் பார்த்தால் கூடுதல்தான். ஆனா வீட்டுவேலை செய்து மாசம் 9,000 கொண்டு வர்ற பெண்ணால 1,520 கட்ட முடியும். 4,980 கட்ட முடியாது. அவங்க மூணாவது மாசம் தவறுவாங்க, நாலாவது மாசம் வேறொரு இடத்துல வாங்கி இதைக் கட்டுவாங்க. அந்த ரெண்டாவது கடனின் வட்டியை யார் கணக்குல எழுதுறது? கையில காசு வந்தா வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைக்கலாம், அதுக்கு வழி இருக்கு. வீடு 30, 40 வருஷம் நிற்கப் போற பொருள். அதுக்கு மூணு வருஷக் கடன் வாங்குவது பொங்கல் பானையில பிரியாணி அண்டாவுக்குச் சோறு வடிக்கிற மாதிரி.

இப்போ தீர்மானத்துக்கு வர்றேன். 40 பேருக்கு ஒன்றரை லட்சம் என்றால் 60 லட்சம். நம்ம நிதி பெட்டியில தூங்குகிற பணம் இல்லை. இட்லிக் கடைக்குக் கிரைண்டர், தையல் மெஷின், பிள்ளைக்குக் காலேஜ் கட்டணம், ஆஸ்பத்திரிச் செலவு என்று ஒரு கையிலிருந்து வந்து இன்னொரு கைக்குப் போய்க்கிட்டே இருக்கு. அது வீட்டுச் சுவருக்குள்ள போனா பல வருஷத்துக்குத் திரும்பாது. மற்ற உறுப்பினர்கள் வந்து "இரண்டு மாசமா கடன் கேட்கிறேன்"ன்னா நாங்க கையை விரிக்கணும். அவங்க எங்கே போவாங்க என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

குழுவின் வங்கிக் கடனிலிருந்து எடுத்துக் கொடுக்கலாமே என்றும் ஒரு யோசனை வந்தது. அது இன்னும் ஆபத்து. 1992-ல நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கியோடு இணைத்துப் பார்க்கிற சோதனையைத் தொடங்கினப்போ, நம்ம மாதிரிப் பெண்கள்கிட்ட அடமானம் வைக்க எதுவும் இல்லை. ஒருத்திக்கு ஒருத்தி பொறுப்பு என்பதுதான் அடமானம். அந்த ஒரு அடமானத்தை நம்பித்தான் இன்னைக்கு 20 லட்சம் வரைக்கும் பிணையில்லாம ஒரு குழுவுக்குத் தர்றாங்க. ஒருத்தியின் வீட்டுத் தவணை நின்னு குழுக் கணக்கு வாராக்கடன் ஆனா, மீதி 12 பேரின் அடுத்த கடனும் நிற்கும். வீடு கிடைத்தவள் அந்த வீட்டுல இருப்பாள். வீடே கிடைக்காதவள் அவளுக்காகக் கடன் கிடைக்காம நிற்பாள். அது நியாயமா?

"அப்போ நாமளே கூட்டமைப்பா நிலம் வாங்கிக் கட்டிட்டா என்ன"ன்னு இளம் உறுப்பினர்கள் கேட்கிறாங்க. கேட்கணும், தப்பில்லை. பெண்கள் குழுவின் துணையோட அப்படிக் கட்டின இடம் இருக்கு. மும்பை தாராவி. நம்ம ஊர்ப்பக்கத்திலிருந்து பிழைக்கப் போன ஜனங்க நிறைய இருக்கிற இடம். அங்கே குடிசைவாசிகள் சம்மேளனத்தை நடத்தினவர் ஜோக்கின் அற்புதம், கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். 2000-ல மகசேசே விருது வாங்கினவர். அவங்களோட சேர்ந்து, நடைபாதையில் குடியிருந்த பெண்கள் மஹிளா மிலன் என்று சேமிப்புக் குழுக்கள் அமைச்சாங்க. தினமும் வீடு வீடாகப் போய் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று வாங்குவாங்க. பணம் சேருவதோட யார் வீட்டுல சண்டை, யாருக்கு வேலை போச்சு என்பதும் தினம் தெரிஞ்சிடும். இது நமக்கும் பழக்கமான விஷயம்தான்.

தாராவியில ராஜீவ் இந்திரா என்று ஒரு குடிசைவாசிகள் கூட்டுறவு சங்கம். பில்டர்கிட்ட இடத்தைக் கொடுக்காம, சம்மேளனத்தின் துணையோட சங்கமே கட்டினது. மும்பைச் சட்டம் எப்படின்னா, ஏழைக்கு இலவசமாக வீடு கட்டிக் கொடுத்தால், அதுக்கு ஈடாக விற்பனைக்குக் கட்டுகிற உரிமை கூடுதலாகக் கிடைக்கும். அந்த உரிமையையே இன்னொருத்தருக்கு விற்றுக் காசாக்கவும் செய்யலாம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏழை வீட்டை முதல்ல கட்டணும், உரிமை பிறகுதான் கைக்கு வரும். அதுவரைக்கும் கட்ட யார் கடன் தருவா? சிட்டி வங்கி முன்வந்தது, ஆனா உத்தரவாதம் வேணும்னது. இங்கிலாந்தில் இருந்த ஒரு தொண்டு நிறுவனம் உத்தரவாதம் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பேச்சு இழுத்துக்கொண்டே போச்சு. பிறகு 2002-ல, இந்த இடைவெளியை அடைக்கிறதுக்காகவே வெளிநாட்டு உதவியோட ஒரு தனி நிதி வந்தது. அத்தனை வருஷ சேமிப்பும் பெயர் பெற்ற தலைவர்களும் இருந்த இடத்திலேயே கதை இது. ஆனா ஒண்ணு சொல்லணும், அந்த வீடுகளில் பெண்கள் கேட்ட மாதிரி 14 அடி உயரம் வெச்சுப் பரண் போட்டுக் கட்டினாங்க. 225 சதுர அடியில ஒரு குடும்பம் எப்படிப் படுக்கும் என்று பெண்களுக்குத்தானே தெரியும். நம்ம இடத்துல அறை எப்படி இருக்கணும் என்று கேட்க இன்னும் யாரும் வரலை. அதையும் நாம கேட்டு வாங்கணும்.

ஆகவே, நாமளே கட்டுவதை இன்னைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பத்து வருஷம் கழிச்சுப் பேசலாம். அதுக்குள்ள ஆசை காட்ட வேற ஆட்கள் வருவாங்க. போன வருஷம் ஒருத்தர் நம்ம பகுதியில் "குறைந்த விலை அடுக்குமாடி, மகளிர் குழுவுக்குச் சலுகை"ன்னு நோட்டீஸ் கொடுத்து, புக்கிங் பணம் ரொக்கமா கேட்டார். நாலு பேர் போய் ரெரா பதிவு எண் கேட்டோம். "வரும்மா, வந்துக்கிட்டே இருக்கு"ன்னார். எட்டு வீட்டுக்கு மேல கட்டினாலோ, நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல போனாலோ, அந்தப் பதிவு இல்லாம விளம்பரம் செய்யவே கூடாது, பணம் வாங்கவும் கூடாது. 2016-ஆம் வருஷத்துச் சட்டம். பதிவு இருந்தாலும், ஒப்பந்தத்தைப் பத்திரமாகப் பதிவு செய்யாம விலையில பத்து சதவீதத்துக்கு மேல வாங்கக் கூடாது. வீடு வாங்குறவங்க கொடுத்த பணத்துல 70 சதவீதம் அந்தக் கட்டடத்துக்கே என்று தனி வங்கிக் கணக்கில் இருக்கணும். உங்க பணம் இன்னொரு ஊர்க் கட்டடத்துக்குப் போயிடக் கூடாது என்பதுக்குத்தான் அந்த விதி. இவ்வளவையும் அந்த மனுஷர்கிட்ட சொன்ன பிறகு அவர் நோட்டீஸையே திரும்பக் கேட்டார்!

இப்போ என் திருத்தத்தைச் சொல்றேன். ஒதுக்கீடு ஆன 40 பேரும் வீட்டுக்கென்றே தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கி, மாசம் 2,000 போடணும். இரண்டு வருஷத்தில் 48,000 சேரும். மீதி ஒரு லட்சத்துக்கு வங்கி வீட்டுக் கடன். பத்து வருஷத்துக்கு 9 சதவீதம் என்றால் மாசம் 1,270 அளவுக்குத்தான் வரும். மாசம் 2,000 போட்டுப் பழகின கைக்கு அது பாரமில்லை. வங்கி கேட்கிற சம்பளச் சீட்டு நம்மகிட்ட கிடையாது. ஆனா பத்து வருஷமாகத் தவறாம உள்கடன் கட்டின பேரேடு இருக்கு. மேலாளர் சார் இங்கேயே இருக்கார், அவர் முன்னாலேயே சொல்றேன். அந்தப் பேரேட்டை வருமானச் சான்று மாதிரி எடுத்துக்கணும் என்பது நம்ம கோரிக்கை. இன்னொரு சிக்கல், முழுப் பணமும் கட்டின பிறகுதான் விற்பனைப் பத்திரம் கைக்கு வரும். பத்திரம் இல்லாம வங்கி கடன் தராது, கடன் இல்லாம பத்திரம் வராது. இதை அவிழ்க்க வாரியமும் வங்கியும் உறுப்பினரும் சேர்ந்து போடுகிற மூன்று தரப்பு ஒப்பந்தம் வேணும். அதை ஒவ்வொருத்தியா போய்க் கேட்டால் வாசலிலேயே நிற்க வைப்பாங்க. 40 பேருக்குமாகக் கூட்டமைப்பு கேட்கணும். கூட்டமைப்பு செய்ய வேண்டிய பெரிய வேலை இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

கூட்டமைப்பு நிதியிலிருந்து கொடுக்கவே வேண்டாம் என்று நான் சொல்லலை. சேமிப்பு சேருவதுக்கு முன்னாடியே முதல் தவணை வந்து நிற்கும், அல்லது வங்கிக் கடன் அனுமதியாகியும் பணம் வராம இழுக்கும். அந்த இடைவெளிக்கு மட்டும், ஒருத்தருக்கு 25,000 வரைக்கும், 12 மாசத்தில் திருப்பிக் கட்டுகிற மாதிரிக் கொடுக்கலாம். 40 பேரும் ஒரே நேரத்தில் கேட்டாலும் 10 லட்சத்தைத் தாண்டாது. எழுத்தில் வந்த கடிதத்தைக் காட்டினால்தான் பணம், வாய்வார்த்தைக் கெடுவுக்குக் கிடையாது.

ஒதுக்கீடு குடும்பத் தலைவி பேரிலோ கணவன் மனைவி இரண்டு பேர் பேரிலோ இருக்கணும் என்பது திட்டத்தின் விதி. பத்திரப் பதிவு வரைக்கும் அது அப்படியே இருக்கான்னு பாருங்க. 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. வீட்டுக்காரர் வந்து "என் பேருக்கு மாத்திடு"ன்னா, காசு கூடுதலா ஆகுமேன்னு சொல்லிப் பாருங்க, கேட்டுக்குவார். (சிரிப்பு)

திருத்தத்தின் எழுத்து வடிவம் செயலாளர் அக்கா கையில இருக்கு. இப்போ வாசிப்பாங்க, பிறகு கை தூக்கலாம். எதிர்த்துப் பேச விரும்புறவங்க தாராளமாப் பேசுங்க, மைக்கை நான் பிடுங்க மாட்டேன். எப்படி முடிவானாலும் ஒதுக்கீடு பெற்றவங்க எல்லாரும் அடுத்த மாசக் கூட்டத்துக்கு ஒதுக்கீட்டுக் கடிதம், இதுவரைக்கும் கட்டின ரசீது, குழுப் பாஸ்புக் மூணுக்கும் ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க. ரசீது இல்லாம யார்கிட்டயாவது பணம் கொடுத்திருந்தீங்கன்னா, அதை இன்னைக்கே சாப்பாட்டுக்கு முன்னாடி எங்கிட்ட தனியா வந்து சொல்லுங்க. நான் வாசல் பக்கத்து மேசையில் இருப்பேன்.